கெல்லர்ப் பெட்டிகளுக்கு யார் பொறுப்பு?

சுவிசில் நமது சங்கங்களுக்கு இது ஆண்டு நிறைவுகளின் காலம். 25 ஆவது, 30 ஆவது, 40 ஆவது என்று மண்டபம் எடுக்கிறார்கள், மங்கல விளக்கு ஏற்றுகிறார்கள், மலர் வெளியிடுகிறார்கள். மலரைத் திறந்தால் முதற் பாதி வாழ்த்துச் செய்திகள், பிற்பாதி நகைக்கடை, பலசரக்குக் கடை விளம்பரங்கள். நடுவிலே எங்கோ ஓரிடத்தில் "எமது சங்கத்தின் வரலாறு" என்று இரண்டரைப் பக்கம் இருக்கும். அந்த இரண்டரைப் பக்கத்தில் தலைவர்களின் பெயர்கள் உண்டு. விழா நடந்த மண்டபங்களின் பெயர்கள் உண்டு. சங்கம் எந்தத் தேவையிலிருந்து தொடங்கியது, யார் ஏன் விலகினார்கள், சேர்த்த காசு எங்கே போனது, எந்தக் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் எத்தனை பேரின் எதிர்ப்போடு நிறைவேறியது என்பவை கிடையாது. எழுதியவர் மறைத்துவிட்டார் என்று மட்டும் இதற்குக் காரணம் சொல்ல முடியாது. பல இடங்களில் அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கையில் ஒரு கடதாசியும் இல்லை.

கடதாசிகள் எங்கே? நமது சங்கங்கள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. செயலாளரின் வீடே காரியாலயம், பொருளாளரின் சாப்பாட்டு மேசையே கணக்குப்பிரிவு. நிர்வாகசபை மாறும்போது பெட்டி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். மாறியவர்களுக்குள் மனத்தாங்கல் இருந்தால் போகாது. எப்படியோ அது கடைசியில் வந்து சேருமிடம் ஒரு குடியிருப்பின் நிலத்தடிக் கெல்லர். பனிச்சப்பாத்துக்கும் பழைய ரயருக்கும் பக்கத்தில், ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள், கூட்டக் குறிப்புக் கொப்பியும் சந்தாப் பற்றுச்சீட்டின் அடிக்கட்டைகளும் மண்டப வாடகைக் கடிதங்களும் கிடக்கின்றன. வெளிநாட்டவர் பொலிசுக்கு யாருக்காகவோ எழுதிக்கொடுத்த ஜேர்மன் கடிதத்தின் பிரதி, நாடகத்தின் வீடியோ கசெற், யாரோ அனுப்பிய தொலைநகல். தொலைநகற் தாளில் எழுத்து இப்போது மங்கிப் போயிருக்கும்; அந்த வெப்பத்தாள் வருடக்கணக்கில் நிற்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. வீடியோ நாடாவின் ஆயுளும் சில பத்து வருடங்கள்தான். நாடா தப்பினாலும் அதைப் போட்டுப் பார்க்கும் கருவியை இன்று எந்தக் கடையில் வாங்குவது?

இந்நாட்டுச் சட்டம் கணக்குப் புத்தகங்களைப் 10 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. நமது பொருளாளர்கள் சட்டத்துக்கு அமைவானவர்கள். 10 வருடம் முடிந்ததும் கட்டிவைத்து, மாநகரசபை பழைய கடதாசி எடுக்கும் நாளில் வாசலில் வைத்துவிடுகிறார்கள். சுவிசில் பழைய கடதாசியைச் சும்மா போட முடியாது. ஒழுங்காக அடுக்கி நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களைப் பற்றிப் பேசாத ஒரு மேடை நம்மிடம் இல்லை. பேசத்தான் வேண்டும். ஆனால் அதை எரித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். இங்கே நூல் முடிச்சுப் போடுவது நம்மவர் கை.

இதில் என்ன பெரிய நட்டம், ஒரு சங்கத்தின் மண்டப வாடகைக் கடிதத்தை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் பேர்ண் ரயில் நிலையத்தில் கூடிநின்ற நமது பொடியன்களை இந்நாட்டுப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோல் ஜாக்கெட் போட்ட தமிழன், ஹெரோயின் விற்கும் தமிழன். பிறகு அதே பத்திரிகை உலகம், உணவகக் குசினிகளில் நாம் கோப்பை கழுவிக் கழுவிக் காலம் போக்கியதைக் கண்டபின், உழைப்பாளித் தமிழன், அடங்கி நடக்கும் தமிழன் என்று எழுதத் தொடங்கியது. இரண்டு படங்களும் இந்நாட்டு நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. இன்று நமது பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் தம் பெற்றோரைப் பற்றி ஆய்வெழுத உட்கார்ந்தால் அவர்கள் கைக்கு முதலில் வருவது அந்தப் பத்திரிகைகளும் அகதி விவகாரத் திணைக்களத்தின் கோப்புகளும்தான். அந்தப் பொடியன்கள் தமக்குள் என்ன பேசினார்கள், எந்த அறையில் கூடினார்கள், ஒருவன் இறந்தபோது உடலை ஊருக்கு அனுப்ப யார் யாரிடம் 20, 50 பிராங்க் என்று சேர்த்தார்கள் என்பதற்கெல்லாம் ஒரே சாட்சி அந்த வாழைப்பழப் பெட்டி. ஏறக்குறைய 50,000 பேர் வாழும் ஒரு சமூகத்தின் முதல் நாற்பது வருடம் அந்நியர் எழுதிய கோப்புகளில் மட்டும் மிஞ்சுவதா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. இதே சுவிசில், நம்மைவிட வசதியான, இந்நாட்டிலேயே பிறந்த ஒரு கூட்டத்துக்கும் வந்தது. பெண்களுக்கு. 1959 இல் சுவிஸ் ஆண்கள் வாக்களித்துப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்று மூன்றில் இரண்டு பங்குக்கு நிராகரித்தார்கள். 1971 பெப்ரவரி 7 இல் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில்தான் கூட்டாட்சி மட்டத்தில் உரிமை கிடைத்தது. அந்த இறுதிக் கட்டத்தில் பெண்கள் சங்கங்களின் கூட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கி அரசோடு பேசியவர் மார்த்த கோஸ்டெலி என்ற பேர்ண்காரி. 1917 இல் பிறந்தவர். வாக்குரிமை கிடைத்ததும் போராட்டம் முடிந்ததென்று எல்லாரும் வீட்டுக்குப் போனபோது இவர் வேறொன்றைக் கவனித்தார். ஒரு நூற்றாண்டு காலம் பெண்கள் சங்கங்கள் எழுதிய கூட்டக் குறிப்புகளும் கடிதங்களும் மனுக்களும் வீடுகளின் மேல்மாடத்திலும் கெல்லரிலும் கிடந்தன. அரச ஆவணக் காப்பகங்களுக்கு அவற்றில் பெரிய அக்கறை இருக்கவில்லை. இவை போனால், 1971 இல் ஆண்கள் மனமிரங்கிக் கொடுத்தார்கள் என்பதே வரலாறாகிவிடும் என்பதை அவர் விளங்கிக்கொண்டார்.

1982 இல் பேர்ணுக்கு அருகே வோர்ப்லௌஃபனில் இருந்த தன் குடும்பத்து வீட்டிலேயே ஒரு அறக்கட்டளையாக ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். தன் சொத்தைப் போட்டார். சங்கம் சங்கமாகப் போய்ப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். இன்று அங்கே நூற்றுக்கணக்கான சங்கங்களினதும் தனிப்பெண்களினதும் ஆவணத் தொகுதிகள் உள்ளன. அவர் தலைமையில் 2000 இல் வந்த இரண்டு பாகப் படவிளக்க வரலாற்றுக்கு வைத்த பெயர் "மறக்கப்பட்ட வரலாறு". சுவிஸ் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிற எவரும் அந்த வீட்டுப் படியை மிதிக்காமல் எழுத முடியாது என்ற நிலையை ஒரு தனிமனுஷி உண்டாக்கினார்.

நாம் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அவரது தியாகத்தை அல்ல. தியாகத்தைக் கொண்டாடுவதில் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 2017 ஏப்ரலில், 99 வயதில், அவர் காலமானார். அறக்கட்டளையின் பணம் எத்தனை வருடத்துக்குப் போதும் என்ற கேள்வி உடனே எழுந்தது. பெட்டிகள் இருந்தன, வீடு இருந்தது, புகழ் இருந்தது. வருடாவருடம் சம்பளம் கொடுக்க வழியில்லை. ஆவணக் காப்பகம் என்றால் கட்டடமும் அலமாரியும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றி, அமிலமற்ற உறையில் இட்டு, என்ன இருக்கிறதென்று பட்டியல் எழுதி, ஆய்வாளர் வந்தால் எடுத்துக்கொடுத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானித்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள்தான் ஆவணக் காப்பகம். அந்த ஆளுக்குச் சம்பளம் நின்ற அன்று அது மறுபடியும் கெல்லராகிவிடும், என்ன, கொஞ்சம் சுத்தமான கெல்லர்.

கோஸ்டெலியின் காப்பகத்துக்காகச் சுவிஸ் நாடாளுமன்றத்தில் பிரேரணைகள் வந்தன. பல கட்சிப் பெண் உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். ஆராய்ச்சி ஊக்குவிப்புச் சட்டத்தின் கீழ், 2021 முதல், கூட்டாட்சி அரசும் பேர்ண் மாநிலமும் பணம் கொடுக்கின்றன. வாக்குரிமையின் 50 ஆவது ஆண்டு அது. ஆண்டு நிறைவை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதையும் வாசகர்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அவர்கள் சுவிஸ்காரர்கள், நாடாளுமன்றத்தில் ஆள் வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்ற பதில் உடனே வரும். நியாயமான பதில். ஆகவே நாடாளுமன்றத்தில் எவரும் இல்லாத, நாடாளுமன்றமே வேண்டாம் என்கிற ஒரு கூட்டத்தைப் பார்ப்போம். அராஜகவாத ஆய்வுகளுக்கான சர்வதேச மையம், சீரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 1957 இல் ஜெனீவாவில் தொடங்கியது. தொடங்கியவர் பியெத்ரோ ஃபெருவா என்ற இத்தாலியர். இராணுவ சேவைக்கு மறுத்து இங்கே வந்தவர். 1963 இல் சுவிஸ் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. நிறுவியவரே இல்லை, அரசு எதிரியாகப் பார்க்கிறது, பணமில்லை. ஆனால் சேகரிப்பு லௌசானுக்கு இடம்மாறி, இரண்டு பெண்களின் உழைப்பில், தாயும் மகளுமாக, நின்று பிடித்தது. இன்றும் நிற்கிறது. அரசின் காசில்லை. வாசகரின் வருடச் சந்தா, நன்கொடை, வேலை முடிந்து வந்து புத்தகம் அடுக்கும் தொண்டர்கள், இவ்வளவுதான். உலகின் எந்த மூலையில் எந்த மொழியில் ஒரு துண்டுப்பிரசுரம் அச்சானாலும் ஒரு பிரதி லௌசானுக்கு அனுப்புவது அவர்களது தோழர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. நமது சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அறிமுகமான பொருளாதாரம்தான் இது. ஒரு வித்தியாசம்: நாம் பத்திரிகையை அடுத்த இதழுக்காக நடத்தினோம், அவர்கள் பழைய இதழுக்காகவும் நடத்துகிறார்கள்.

பழைய இதழ் என்றதும் ஒரு சிறு விடயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். பேர்ணில் உள்ள தேசிய நூலகம், சுவிசில் வெளியாகும் எதையும் சேர்ப்பதற்கென்றே 1895 இல் உருவாக்கப்பட்டது. ஆனால் பதிப்பித்தவர் கட்டாயம் பிரதி கொடுக்க வேண்டுமென்ற கூட்டாட்சிச் சட்டம் இங்கே இல்லை. சில மாநிலங்களில் மட்டும் உண்டு. மற்றப்படி அனுப்பினால் வைப்பார்கள், அனுப்பாவிட்டால் அப்படி ஒரு பத்திரிகை வந்ததே அவர்களுக்குத் தெரியாது. "மனிதம்" போன்ற சஞ்சிகைகள் சுவிஸ் மண்ணில் தமிழில் வந்திருக்கின்றன. கையால் எழுதி நகலெடுத்தவை, முதற் கணினி எழுத்துருவில் வந்தவை, நாலு இதழோடு நின்றவை என எத்தனையோ. ஒரு தபால் உறையும் ஒரு முத்திரையும்தான் செலவு. வந்த சஞ்சிகைகளின் மிச்சப் பிரதிகளைக் கட்டிவைத்திருப்பவர்கள் இன்றும் அனுப்பலாம்.

அச்சானவற்றுக்கு ஓரளவு கதி பிறந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2005 இல் தொண்டர்களால் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் புகலிட இதழ்களையும் மின்வடிவில் திறந்து வைத்திருக்கிறது. நமது தலைமுறையின் உருப்படியான வேலைகளில் அது ஒன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இதனாலேயே ஒரு சோம்பேறித்தனமும் வளர்ந்திருக்கிறது. "எல்லாம் ஸ்கான் பண்ணியாச்சு" என்கிறார்கள். எது ஸ்கான் பண்ணப்பட்டது? மலர். அதாவது சங்கம் தன்னைப் பற்றி வெளியே சொல்ல விரும்பியது. உள்ளே நடந்தது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. பெண்கள் பிரிவு வேண்டுமென்று ஒருத்தி எழுந்து கேட்டதும், பிறகு பார்க்கலாம் என்று தலைவர் சொன்னதும், அவள் அடுத்த கூட்டத்துக்கு வராததும் மலரில் வராது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாடப்புத்தகம் எங்கிருந்து எடுப்பது என்று மூன்று மாதம் சண்டை பிடித்ததும் வராது. ஒரு அமைப்பின் வரலாறு அதன் வெளியீடுகளல்ல, அது எடுத்த முடிவுகளும் எடுக்கத் தவறிய முடிவுகளும். அவை ஒரேயொரு பிரதியாக, கைப்பட எழுதிய கொப்பியாக இருக்கின்றன.

அந்தக் கொப்பியை ஏன் கொடுக்கிறார்களில்லை? நாம் சில வருடங்களாகப் பல பழைய நிர்வாகிகளோடு பேசிப் பார்த்தோம். சோம்பல் ஒரு காரணம், மானப்பிரச்சினை இன்னொரு காரணம். ஆனால் குரல் தாழ்த்திச் சொல்லப்படுகிற காரணம் பயம். பெயர்கள் இருக்கின்றன. யார் எவ்வளவு கொடுத்தார், யார் யாருடைய கூட்டத்துக்கு வந்தார், யார் எந்த இயக்கத்துக்கு எதிராகப் பேசினார். ஊரில் இன்னும் உறவுகள் உண்டு. இங்கேயும் நீண்ட காலம் தமிழருக்குத் தமிழர் பயந்துதான் வாழ்ந்தோம். மாற்றுக் கருத்துச் சொன்ன சஞ்சிகையை வாங்குவதே ஒரு வீரச்செயலாக இருந்த காலம் அது. ஒரு சங்கத்தின் முன்னாள் செயலாளர் 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு இரவில் எல்லாவற்றையும் கிழித்தே போட்டதாக எம்மிடம் சொன்னார். அவரை நாம் குறைசொல்லவில்லை.

ஆனால் நமது கடதாசியைக் கிழித்தால் நமது பெயர் அழிந்துவிடும் என்பது ஒரு மயக்கம். 1989 இல் சுவிசில் வெளிவந்த இரகசிய அட்டை விவகாரத்தை அப்போது இங்கிருந்தவர்கள் அறிவார்கள். கூட்டாட்சிப் பொலிஸ் ஏறக்குறைய 900,000 அட்டைகளை எழுதி வைத்திருந்தது. இடதுசாரிகள், பெண்ணியவாதிகள், அணு எதிர்ப்பாளர்கள், வெளிநாட்டவர், அவர்களது சங்கங்கள் எல்லாம் அதில். 1990 மார்ச்சில் பேர்ணில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். அட்டைகளை அழித்துவிடுவதா என்ற பேச்சும் எழுந்தது. வரலாற்றாசிரியர்கள் வேண்டாமென்றார்கள். கடைசியில் அவை கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்குப் போய், 50 வருடத்துக்குப் பூட்டப்பட்டன. நமது பக்கமும் ஒரு உதாரணம் இருக்கிறது. விடுதலைப் புலிகளுக்குப் பணம் சேர்த்த விவகாரத்தில் 2009 இல் தொடங்கிய விசாரணை, 2018 இல் பெலின்சோனா கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றத்தில் 13 பேர் மீதான வழக்காக முடிந்தது. குற்றவியல் அமைப்பை ஆதரித்தார்கள் என்ற குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. கடன் மோசடிக்காகச் சிலருக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. அந்த வழக்கின் சரி பிழை வேறு கட்டுரைக்குரியது. இங்கே நமக்குரியது இதுதான்: சுவிசில் ஒரு தமிழ் அமைப்பு எப்படி இயங்கியது, யாரிடம் எப்படிக் காசு கேட்டது என்பதைப் பற்றி வரிசைப்படுத்தி, இலக்கமிட்டு வைக்கப்பட்ட பெருந்தொகுதி ஒன்று இருக்குமானால் அது அரச வழக்குத் தொடுநரின் கோப்பாகத்தான் இருக்கும். ஒரு நாள் அதன் பூட்டும் திறக்கும். அன்று ஆய்வாளர் கையில் அது மட்டுமே இருக்கும், காசு கொடுத்தவரின் பக்கத்துக் கதையைச் சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

பயத்துக்கு மருந்து கிழிப்பதல்ல, பூட்டு. இதைத்தான் இந்நாட்டு இத்தாலியர் செய்தார்கள். 1943 இல் பாசிச எதிர்ப்பு அகதிகளும் தொழிலாளரும் சேர்ந்து அமைத்த சுதந்திர இத்தாலியர் குடியிருப்புகளின் சம்மேளனத்தின் ஆவணங்கள் இன்று சூரிச்சில் சுவிஸ் சமூக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1906 இல் ஒரு பாதிரியாரான பவுல் ஃப்ளூகர் தொடங்கிய நிறுவனம் அது. 1916, 1917 இல் சூரிச்சில் குடியிருந்த லெனின் போய் வாசித்த இடம். இன்றும் ஒரு சங்கமாகவே இயங்குகிறது. கூட்டாட்சி, மாநிலம், மாநகரம் மூன்றும் பணம் தருகின்றன. இத்தாலியரும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர்கள்தான். 1970 ஜூனில் ஸ்வார்சன்பாக் கொண்டுவந்த வெளிநாட்டவர் குறைப்புப் பிரேரணைக்கு 46 சதவீத வாக்கு விழுந்த நாடு இது. சீசன் தொழிலாளர் தம் குடும்பத்தைக் கூட்டிவர அனுமதியில்லாததால் பிள்ளைகளை அறைக்குள் ஒளித்து வளர்த்தார்கள். அந்தக் கதையை இன்று சுவிஸ் பத்திரிகைகள் வெட்கத்தோடு எழுதுகின்றன. எழுதக்கூடியதாக இருப்பதற்கு, இத்தாலியர் தம் கடதாசியை வைத்திருந்ததும் ஒரு காரணம்.

"எங்கள் வரலாற்றை வெள்ளைக்காரனிடம் கொடுப்பதா?" என்று கொதிப்பவர்களுக்கு ஒரு சொல். கொடுப்பதென்பது தாரைவார்ப்பதல்ல. இத்தகைய காப்பகங்களோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். சொத்துரிமையைக் கொடுக்காமல் வைப்பாக மட்டும் ஒப்படைக்கலாம். இன்ன வருடம் வரை யாரும் பார்க்கக்கூடாது, இன்ன பகுதியைச் சங்கத்தின் அனுமதியோடுதான் பார்க்கலாம் என்று நிபந்தனை விதிக்கலாம். இதையெல்லாம் செய்ய மறுத்து, "தமிழர் ஆவணக் காப்பகம்" என்று நாமே ஒன்று தொடங்கப் போவதாக அவ்வப்போது அறிவிப்பு வருகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், இலச்சினை எல்லாம் தயாராகிவிடும். இரண்டு வருடத்தில் அந்தக் காப்பகத்தின் கடதாசிகளையே எந்தக் கெல்லரில் தேடுவதென்று தெரியாது. அது போதாதென்று, அதற்குக் காசு போடுபவர் யாரென்ற கேள்வியும் இருக்கிறது. ஒரு கோயிலோ, ஒரு வர்த்தகரோ, ஒரு அரசியல் அமைப்போ முழுச் செலவையும் ஏற்றால், எந்தப் பெட்டி திறக்கும், எந்தப் பெட்டி திறக்காது என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள்.

இருந்தாலும் வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்தால் எல்லாம் முடிந்தது என்றும் நாம் சொல்ல வரவில்லை. சூரிச்சிலோ பேர்ணிலோ உள்ள காப்பகப் பணியாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இத்தாலியரின் பெட்டியை அவர்கள் திறந்து வாசித்து வகைப்படுத்தினார்கள். நமது பெட்டியைத் திறந்தால் அவர்களுக்கு எல்லாம் ஒரே எழுத்து. மரணச்சடங்குக் கணக்கும் நாடகப் பிரதியும் அவர்கள் கண்ணுக்கு வேறுபாடில்லை. பட்டியலில் "தமிழ், பல்வகை, 14 பெட்டிகள்" என்று ஒரு வரி விழும். அந்த ஒரு வரியைப் பார்த்து எந்த ஆய்வாளரும் வரமாட்டார். ஆக, இடத்தையும் வெப்பநிலையையும் பூட்டையும் அவர்கள் தரலாம். வாசித்துப் பட்டியல் எழுதும் ஆளை நாம்தான் தர வேண்டும். நமது காசு போக வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பது எமது வாதம். ஸ்கான் இயந்திரமோ மண்டபமோ இன்னொரு மலரோ அல்ல. தமிழும் ஜேர்மனும் தெரிந்த, காப்பக வேலையைக் கற்ற ஒருவருக்குச் சம்பளம். 200 பேர் மாதம் 5 பிராங்க் போட்டால் வருடத்துக்கு 12,000 பிராங்க். சுவிசில் அது ஒரு மாதிரியான சம்பளம்கூட இல்லைத்தான், ஆனால் ஒருவர் வாரத்தில் அரை நாள் இருந்து பெட்டி பெட்டியாகப் பட்டியல் எழுத அது போதும். வீடியோ, ஒலிநாடாவுக்கு 1995 இல் உருவான மெமோரியாவ் போன்ற அமைப்புகள் செலவில் ஒரு பகுதியை ஏற்கின்றன. மீதியைக் கொண்டுவா என்பார்கள். கொண்டுபோக நம்மிடம் ஒரு நிதி இருந்தால்தான் அந்தக் கதவையும் தட்டலாம்.

இந்தக் காசு நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தேரிழுக்கவும் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஹெலிகொப்ரர் பிடிக்கவும் காசிருக்கிற சமூகம் இது. சம்பளம் என்றதும்தான் முகம் சுழிக்கிறது. தொண்டுக்குக் காசா என்கிறார்கள். ஐயருக்குத் தட்சணை உண்டு, மேளக்காரருக்கு உண்டு, ஒலியமைப்புக்காரருக்கு மணித்தியாலக் கணக்கில் உண்டு. நமது எழுத்தை வாசித்து வரிசைப்படுத்துகிறவர் மட்டும் இனப்பற்றில் வயிறு நிரப்ப வேண்டுமாம். கோஸ்டெலி தன் சொத்தைப் போட்டு 35 வருடம் தாக்குப்பிடித்தார். நம்மில் அப்படியொருவர் தோன்றும்வரை காத்திருக்க முடியாது, தோன்றினாலும் அவர் காலத்துக்குப் பிறகு அதே கேள்விதான். பலருடைய சிறு சந்தா, அதன் மேல் பொதுநிதி, இரண்டுக்கும் கணக்குக் காட்டும் ஒரு சிறு குழு. இதைவிட வேறு வழி எமக்குத் தெரியவில்லை.

அவசரம் ஏனென்றால், கடதாசி மட்டும் போதாது. "10.4., வழமையான இடத்தில், 11 பேர்" என்று ஒரு குறிப்பு இருக்கும். வழமையான இடம் எது, அந்த 11 பேர் யார் என்று சொல்ல ஆள் வேண்டும். படத்தின் பின்பக்கத்தில் பெயர் எழுத ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்கு இப்போது 65, 70 வயது. ஓய்வூதியத்துக்கு வந்ததும், பிள்ளைகள் வெளிக்கிட்டதும், நாலறை வீட்டை விட்டு இரண்டறை வீட்டுக்குப் போகிறார்கள். பேர்ணில் வழமையாக வீடு மாறும் நாட்கள் ஏப்ரல் முடிவும் ஒக்ரோபர் முடிவும். இந்த ஒக்ரோபரிலும் பழைய செயலாளர் எவராவது வீடு மாறுவார். கெல்லரை வெறுமையாக்கி, கூட்டித் துடைத்து, வீட்டுக்காரர் வந்து பார்த்தபின்தான் சாவியைக் கொடுக்க முடியும். பழைய கடதாசி எடுக்கும் வண்டி எந்தக் கிழமை வரும் என்று அவர் இப்போதே நாட்காட்டியில் பார்த்து வைத்திருப்பார்.